எம்ஜிபி காரின் இன்ஜினில் கேம்ஷாஃப்ட் டைமிங்

நான்கு வீச்சு இன்ஜினில் பிஸ்டன் எந்த இடத்தில் இருக்கும்போது எந்த வால்வு திறக்க வேண்டும், எப்போது மூட வேண்டும் என்ற கணக்கே கேம்ஷாஃப்ட் டைமிங் எனப்படும். கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்றுச் சுற்றும். இரண்டையும் டைமிங் செயின் இணைக்கிறது. இங்கிலாந்தின் அபிங்டனில் 1962 முதல் 1980 வரை தயாரான எம்ஜிபி காரின் 1798 சிசி இன்ஜின் இதை விளக்க நல்ல எடுத்துக்காட்டு. இது பிஎம்சி நிறுவனத்தின் பி வரிசையைச் சேர்ந்தது. இந்தியாவில் நெடுங்காலம் ஓடிய அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும் அதே குடும்பம்தான்.

செயின் மாட்டும் இரண்டு பல்சக்கரங்களிலும் ஒரு சிறு புள்ளிக் குழி உண்டு. இரு புள்ளிகளும் ஒன்றையொன்று நேராகப் பார்த்தால் டைமிங் சரி என்று பலர் அத்துடன் மூடிவிடுவார்கள். செயின் சரியான பல்லில் உட்கார்ந்திருக்கிறது என்பதை மட்டுமே அந்தப் புள்ளிகள் சொல்லும். செயின் தேய்ந்து நீண்டிருக்கலாம். கேம்ஷாஃப்ட்டே சாணை பிடிக்கப்பட்டோ மாற்றப்பட்டோ இருக்கலாம். அளந்தால்தான் தெரியும்.

தொடக்ககால எம்ஜிபிக்குரிய அளவுகள், கிராங்க்ஷாஃப்ட்டின் பாகைக் கணக்கில், இவை: உள்வால்வு மேல்முனைக்கு 16° முன் திறந்து, கீழ்முனைக்கு 56° பின் மூடும். வெளிவால்வு கீழ்முனைக்கு 51° முன் திறந்து, மேல்முனைக்கு 21° பின் மூடும். இந்த அளவுகள் ராக்கர் இடைவெளியை 0.055 அங்குலமாக வைத்துப் பார்க்க வேண்டியவை. ஓடும்போது உள்ள இடைவெளி 0.015 அங்குலம்தான். அதை வைத்தே அளப்பவருக்கு வால்வு மிக முன்னதாகத் திறப்பதுபோல் தோன்றும். சரியாக இருந்த செயினைக் கழற்றி மாற்றி மாட்டிவிடுவார்.

இந்தக் குழப்பம் இல்லாத வழி, வால்வு முழுதாகத் திறந்திருக்கும் இடத்தைக் கண்டுபிடிப்பது. அதற்கு முதலில் உண்மையான மேல்முனை தெரிய வேண்டும். பிஸ்டன் உச்சியில் சில பாகைகள் அசையாததுபோல் நிற்பதால் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கிராங்க்ஷாஃப்ட் முனையில் பாகை வட்டைப் பொருத்தி, முதல் சிலிண்டரின் பிளக் துளையில் பிஸ்டனைத் தடுக்கும் போல்ட் ஒன்றை இறுக்க வேண்டும். கையால் மெல்லச் சுற்றி, இரு பக்கமும் பிஸ்டன் முட்டும் பாகைகளைக் குறித்தால், அவற்றின் நடுவே மேல்முனை. குறித்தவுடன் போல்ட்டைக் கழற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டரை இந்த வேலையில் தொடவே கூடாது.

அடுத்து முதல் சிலிண்டரின் உள்வால்வு, அதாவது முன்னிருந்து இரண்டாவது வால்வு, அதன் ஸ்பிரிங் தொப்பியின் மேல் டயல் கேஜை வைக்க வேண்டும். இன்ஜினை ஓடும் திசையிலேயே சுற்றி, உச்சத் திறப்புக்கு 1 மி.மீ. குறைவான இடத்தை ஏறும்போதும் இறங்கும்போதும் குறிக்க வேண்டும். மேல்முனைக்குப் பின் 70°, 150° என்று வந்தால் நடு 110°. தொழிற்சாலை அளவும் அதுவே: 16+180+56=252; அதில் பாதி 126; 16-ஐக் கழித்தால் 110. எண் குறைந்தால் கேம் முந்துகிறது, கூடினால் பிந்துகிறது. நீண்டுபோன செயின் கேமைப் பிந்தவே வைக்கும். சில பாகை வேறுபாட்டைப் பல் மாற்றித் தீர்க்க முடியாது. 40 பல் உள்ள கேம் சக்கரத்தில் ஒரு பல் என்பது கிராங்க்ஷாஃப்ட்டில் 18°. அதற்கென விலகல் வைத்த கீகள் கிடைக்கின்றன.

உள்ளே இருப்பது எந்தக் கேம் என்பதை இந்த 110 சொல்லாது. இதே வரிசையின் 1489 சிசி சலூன் கார்களுக்குரிய 5–45–40–10 கேமைக் கணக்கிட்டால், 5+180+45=230; பாதி 115; 5 போனால் அதுவும் 110! வேறுபாடு, வால்வு திறந்திருக்கும் மொத்தக் காலத்தில்: ஒன்றில் 252°, மற்றதில் 230°. எம்ஜிபியில் சலூன் கேம் இருந்தால் டைமிங் சரியாகவே காட்டும், வேகம் கூடும்போது மட்டும் இழுவை இருக்காது. கார்புரேட்டரை மாற்றிச் செலவழிக்கும் முன் இந்தக் காலத்தை அளப்பது நல்லது.

எதை மாற்றினாலும் இன்ஜினைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். எங்காவது தடுத்தால் வால்வு பிஸ்டனில் முட்டுகிறது என்று கொண்டு உடனே நிறுத்த வேண்டும். மூடியைப் போடுமுன் ராக்கர் இடைவெளியை மறுபடி 0.015 அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும்.