பழநிக்கு முதல் நடை: எந்த இரவு எங்கே?

தைப்பூசத்துக்குப் பழநிக்கு நடந்தே போவது என்று ஒரு வீட்டில் முடிவானதும், அடுத்த பேச்சு எத்தனை நாள் லீவு போடுவது என்பதுதான். ஐந்து நாள் கிடைத்தால் ஐந்து நாள் நடை, நான்கு கிடைத்தால் நான்கு. மொத்தத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்து, வருகிற கிலோமீட்டரை எல்லா நாளுக்கும் சமமாகப் பிரித்து எழுதிவிடுகிறோம். முதல் தடவை நடப்பவர்களில் பலர் பாதி வழியில் வேன் ஏறுவதற்கு இந்த வகுத்தல் கணக்குதான் காரணம். பக்தியையோ உடம்பையோ குறை சொல்ல வேண்டியதில்லை.

நாள் கணக்கைக் கடைசியில் போட வேண்டும். முதலில் கேட்க வேண்டியது, முதல் நாள் இரவு எங்கே படுப்பது, அந்த இடத்துக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவது என்ற இரண்டையும்தான். இந்த இரண்டுக்கும் ஒவ்வொரு நாளுக்கும் பதில் எழுதிவிட்டால், மொத்தம் எத்தனை நாள் என்பது தானாக வந்து விழும்.

பேச வசதியாகக் காரைக்குடிச் சீமையின் வழியையே எடுத்துக்கொள்வோம். நகரத்தார் காவடிகள் குன்றக்குடியில் கூடிப் பழநிக்குப் புறப்படுவது தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறது. நானூறு ஆண்டுப் பழக்கம் என்று அவர்கள் சொல்வார்கள். குன்றக்குடியிலிருந்து திருப்புத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, சமுத்திராப்பட்டி, நத்தம், கோபால்பட்டி, சாணார்பட்டி, திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம், ஒட்டன்சத்திரம், சத்திரப்பட்டி, ஆயக்குடி என்று போய்ப் பழநியைத் தொட சுமார் 160 கிலோமீட்டர். பழகியவர்களில் பலர் இதைக் குறைந்த நாளில் முடித்துவிடுகிறார்கள். அவர்களுக்கு எந்த ஊரில் எந்த இடத்தில் இறங்குவது, யார் சோறு போடுவது, எங்கே தண்ணீர் என்பதெல்லாம் முன்னோர் காலத்திலேயே முடிவானது. அந்த ஏற்பாடு எதுவும் இல்லாமல் அவர்களுடைய நாள் கணக்கை மட்டும் கடன் வாங்குவது முதல் முறை நடப்பவருக்குச் சரிப்படாது. நான் கேட்டால் ஏழு பகலும் எட்டாம் நாள் காலையும் வையுங்கள் என்பேன்.

தனியாளாகக் கையை வீசி நடந்தால் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகலாம். பத்துப் பேர் கூட்டத்தில், ஒருவர் செருப்பு வார் சரிசெய்ய நிற்க, இன்னொருவர் டீக்கடையில் நிற்க, குழந்தைக்குக் கால் வலிக்க, மணிக்கு மூன்றுதான் நிற்கும். அந்த மூன்றையே வைத்துக் கணக்குப் போடுங்கள். காலை ஐந்துக்குக் கிளம்பினால் பதினொன்றுக்குள் 18 கிலோமீட்டர். அதற்கு மேல் உள்ளதை மாலை நாலு மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ள வேண்டும். பதினொன்றுக்கும் நாலுக்கும் இடையில் நடை என்பதே கிடையாது. முதல் முறைக்காரர்களுக்கு இதைச் சட்டமாகவே வைக்கலாம்.

தை மாதம்தானே, வெயில் என்ன செய்யும் என்று தோன்றும். பூசம் ஒவ்வோர் ஆண்டும் நகர்கிறது. 2024-இல் ஜனவரி 25, 2025-இல் பிப்ரவரி 11, 2026-இல் பிப்ரவரி 1. பிப்ரவரியில் விழும் ஆண்டில் திண்டுக்கல் பக்கத்து மதிய வெயில் மார்கழிக் குளிரை நினைத்துக் கிளம்பியவரை வாட்டிவிடும். இன்னொன்றையும் வரைபடத்தில் பாருங்கள். குன்றக்குடியிலிருந்து பழநி ஏறக்குறைய நேர் மேற்கே இருக்கிறது. காலையில் சூரியன் முதுகில் இருக்கும்; உச்சி தாண்டியதும் முகத்திலும் இடது கன்னத்திலும் இறங்கும். ஏழு நாளும் இதே கதைதான். மாலை நடைக்கு முன்பக்கம் விளிம்புள்ள தொப்பியோ தலையில் இறக்கிக் கட்டிய துண்டோ இல்லாமல் போகாதீர்கள்.

நிலாவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பூசம் பௌர்ணமியை ஒட்டி வருவதால் நடை முழுக்க வளர்பிறையில்தான். வளர்பிறை நிலா மாலையில் வானத்தில் இருக்கும். ஒரு வாரம் முன்னால் கிளம்பினால் அஷ்டமி வாக்கில் அது நள்ளிரவோடு மறைந்துவிடும். தினமும் சுமார் முக்கால் மணி நேரம் தள்ளித்தான் மறையும். ஆகவே முதல் நாலைந்து நாள் விடிகாலை மூன்று மணிக்குக் கிளம்புகிறவர்களுக்கு நிலா துணை கிடையாது. சூரியன் எழ 6.40 ஆகிவிடும். பனி வேறு இறங்கும். லாரிகள் ஓடும் சாலையில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருட்டு என்பது முதல் நடைக்கு வேண்டாத ஆபத்து. ஐந்துக்குக் கிளம்புங்கள், கூட்டத்தின் முன்னாலும் பின்னாலும் டார்ச், எல்லோர் முதுகிலும் ஒளிரும் ஸ்டிக்கர், வலது ஓரமாக எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி ஒற்றை வரிசை. மாலையில் சேர வேண்டிய இடத்துக்குச் சற்றுத் தாமதமானால் நிலா வெளிச்சம் இருக்கும், ஊர்களிலும் ஆள் நடமாட்டம் இருக்கும்.

இனி இரவுகளுக்கு வருவோம். முதல் நாள் குன்றக்குடி சண்முகநாதரைக் கும்பிட்டு, பிள்ளையார்பட்டியில் கற்பக விநாயகரையும் பார்த்துவிட்டுத் திருப்புத்தூரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். பதின்மூன்று கிலோமீட்டர் சுமாருக்கு. இவ்வளவுதானா என்று இளைஞர்கள் முறுக்குவார்கள். முதல் நாள் கால்கள் எதுவும் சொல்லாது, உற்சாகம் எல்லாவற்றையும் மறைத்துவிடும். அன்று கூடுதலாக நடந்த பத்து கிலோமீட்டர் மூன்றாம் நாள் குதிகாலில் கொப்புளமாகவும் முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியாகவும் வந்து நிற்கும். இரண்டாம் நாள் சிங்கம்புணரி, சுமார் இருபது. மூன்றாம் நாள் கொட்டாம்பட்டி வழியாகச் சமுத்திராப்பட்டி. கொட்டாம்பட்டியில் மதுரை–திருச்சி நான்குவழிச் சாலையைக் கடக்க வேண்டும், அதை நன்றாக விடிந்த பிறகு, கூட்டம் முழுவதும் சேர்ந்து நின்று கடந்து செல்லுங்கள்.

மூன்றாம் நாள் நத்தம் வரை இழுக்கலாமே என்ற ஆசை எல்லோருக்கும் வரும். சிங்கம்புணரியிலிருந்து நத்தம் ஏறக்குறைய முப்பது. மூன்றாம் நாள்தான் உடம்பு தன் நிலையைச் சொல்லும் நாள். தசை வலி இரண்டு நாளில் பழகிவிடும். தசைநார் பழக வாரக்கணக்காகும். அன்று முப்பது நடந்தவர் நாலாம் நாள் காலை எழுந்து நிற்கும்போது தெரிந்துவிடும், பழநி அவருக்கு நடந்தா வண்டியிலா என்று. அதனால் சமுத்திராப்பட்டியில் படுத்து, நாலாம் நாள் நத்தத்தில் காலைச் சாப்பாடு முடித்து, இடப்பக்கம் சிறுமலையைப் பார்த்தபடி கோபால்பட்டி. ஐந்தாம் நாள் திண்டுக்கல், சுமார் இருபதுதான். இந்த நாளை வேண்டுமென்றே குறைத்து வைத்திருக்கிறேன். பதினொன்றுக்கே ஊர் விளிம்பைத் தொட்டுவிடலாம். மருந்துக்கடை, செருப்புக்கடை, டாக்டர், துணி துவைக்கத் தண்ணீர் எல்லாம் அங்கே கிடைக்கும். அறுந்த வார், ஆறாத கொப்புளம், தீர்ந்துபோன மாத்திரை என எதுவாக இருந்தாலும் சரிசெய்துகொள்ள வேண்டிய ஊர் அதுதான்.

ஆறாம் நாள் ஒட்டன்சத்திரம். முப்பதைத் தாண்டும், இந்த நடையிலேயே நீளமான நாள். ரெட்டியார்சத்திரத்தைத் தாண்டி நிழலாக ஓர் இடம் பார்த்து நீண்ட மதிய ஓய்வு எடுத்தால் ஒழிய முடியாது. திண்டுக்கல்லுக்குப் பிறகு பல இடங்களில் பாதயாத்திரைக்காரர்களுக்கெனத் தனி நடைபாதை உண்டு. அன்னதானப் பந்தல்களும் கூடிக்கொண்டே போகும். ஆறாம் நாள் நீளமாக இருந்தும் தாங்குவதற்கு இவையும் காரணம். முதியவர்கள், சிறுபிள்ளைகள் இருந்தால் இந்த நாளை இரண்டாகப் பிரித்து எட்டுப் பகலாக்குவதே நியாயம். ஏழாம் நாள் விருப்பாச்சி, சத்திரப்பட்டி தாண்டி ஆயக்குடியில் தங்கிவிடுங்கள். கொய்யா விளையும் அந்த ஊரிலிருந்து மலை கண்ணெதிரே நிற்கும்; இன்னும் ஆறு கிலோமீட்டர்தான், போய்விடலாமே என்று கூட்டம் துடிக்கும். இரவில் பழநிக்குள் நுழைந்தால் படுக்க இடம் தேடியே விடிந்துவிடும். எட்டாம் நாள் காலை குளித்து, காவடியோடு அரோகரா சொல்லி நுழைவதற்கு அந்த ஆறு கிலோமீட்டரை மிச்சம் வையுங்கள்.

கடினமான நாளுக்கு முன்னும் பின்னும் ஓய்வு வைப்பது புதிய யோசனை இல்லை. மராட்டியத்தில் மகான் ஞானேசுவரரின் பல்லக்கு ஆளந்தியிலிருந்து பண்டரிபுரம் வரை சுமார் 250 கிலோமீட்டரை ஏறக்குறைய மூன்று வாரத்தில் கடக்கிறது. லட்சக்கணக்கானோர் நடக்கிற, 'வாரி' என்னும் அந்த யாத்திரையில் புனேயில் இரண்டு இரவு தங்கல். அடுத்து திவே மலைக்கணவாய் ஏறும் நெடுநாள். ஏறி முடித்ததும் சாஸ்வடில் மறுபடி இரண்டு இரவு. பாட்டியும் பேரனும் ஒன்றாக நடந்து முடிக்கிறார்கள் என்றால் அந்த அட்டவணைக்கும் அதில் பங்குண்டு.

வெறுங்காலில் நடப்பவர்களின் கணக்கு வேறு. பத்தரை மணிக்கே தார் சுட ஆரம்பிக்கும். சாலையோர வெள்ளைக்கோட்டின் மேல் கால் வைத்தால் சூடு குறைவு என்பது நடந்தவர்களுக்குத் தெரியும், ஆனால் வண்டிகள் உரசிப் போகும் சாலையில் அந்தக் கோட்டை நம்பித் திட்டம் போட முடியாது. வெறுங்கால் என்று நேர்ந்துகொண்டவர்கள் மாலை போட்ட நாள்முதல் தினமும் கொஞ்சம் வெறுங்காலில் தெருவில் நடந்து உள்ளங்காலைக் கெட்டியாக்க வேண்டும், தினசரித் தூரத்தையும் குறைத்துக்கொள்ள வேண்டும். செருப்போ ஷூவோ போடுகிறவர்கள் புதிதாக வாங்கி மாட்டிக்கொண்டு கிளம்பக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களிடம் ஒன்றை மன்றாடிக் கேட்பேன்: வெறுங்கால் வேண்டாம். உங்கள் பாதத்துக்கு உணர்வு குறைந்திருந்தால் முள்ளும் கண்ணாடிச் சில்லும் ஏறியது தெரியாமலே இரண்டு நாள் நடந்துவிடுவீர்கள். ஒவ்வோர் இரவும் இன்னொருவரை விட்டு உள்ளங்காலைப் பார்க்கச் சொல்லுங்கள். முருகன் கேட்டது உங்கள் வருகையை, காலை அல்ல.

தங்குமிடத்தைத் தேர்வு செய்யும்போது ஆண்கள் பார்ப்பது படுக்க மண்டபம் இருக்கிறதா என்று. அது போதாது. கதவுள்ள கழிப்பறை, தண்ணீர் வரும் குழாய், விளக்கு, இந்த மூன்றும் இருக்கிறதா என்று பெண்களை அனுப்பிப் பார்த்து முடிவெடுங்கள். ஒதுங்க இடமில்லை என்பதற்காகத் தண்ணீரே குடிக்காமல் பகல் முழுக்க நடக்கிற பெண்கள் எத்தனையோ பேர். மயங்கி விழுவதும் நீர்க்கடுப்பு வருவதும் இதனால்தான். கல்யாண மண்டபம், பள்ளிக்கூடம், பெட்ரோல் பங்க் ஆகியவை எந்தெந்தக் கிலோமீட்டரில் இருக்கின்றன என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வண்டியில் போய்க் குறித்து வருவது, நான் இங்கே சொல்கிற எல்லாவற்றையும்விடப் பலன் தரும் வேலை. அன்றே மண்டபக்காரரிடம் பேசித் தேதியும் சொல்லிவிடலாம்.

சாமான் வேன் இருக்கும் கூட்டத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. வேன் எங்கே நிறுத்த வசதியோ, சமையலுக்கு எங்கே இடம் கிடைத்ததோ, அங்கேதான் தங்கல் என்று ஆகிவிடும். மூன்று கிலோமீட்டர் தள்ளி இடம் பார்த்திருக்கிறோம் என்று போன் வரும். வண்டியில் இருப்பவருக்கு மூன்று கிலோமீட்டர் நாலு நிமிஷம். நாள் முழுக்க நடந்தவருக்கு அது ஒரு மணி நேரம். குறித்த இடத்தை மாற்றுவதென்றால் நடந்து வருபவர் பக்கமாகப் பின்னால் நகர்த்தலாம், முன்னால் நகர்த்தக் கூடாது என்று கூட்டத்தை நடத்தும் குருசாமி முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் அன்போடு போடுவார்கள். காலையில் இட்லியும் பழமும், நடுவில் நீர்மோரும் உப்புச் சர்க்கரைக் கரைசலும், வயிறு நிறையச் சோறு தங்கிய பிறகு மட்டும். பந்தலுக்குப் பந்தல் உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்தால் கால் நகராது.

பயிற்சிக்கு மண்டல விரதமே போதும், 48 நாள் கையில் இருக்கிறது. தினமும் ஒரு மணி நேரம் நடப்பதோடு நிறுத்தாமல், இரண்டு வாரக் கடைசியாவது சனி, ஞாயிறு தொடர்ந்து பதினைந்து பதினைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். சனிக்கிழமை நடை எல்லோருக்கும் வரும். ஞாயிற்றுக்கிழமை காலை உங்கள் கூட்டத்தில் யார் கடைசியாக வருகிறாரோ அவருடைய வேகம்தான் பழநி வரை எல்லோருடைய வேகமும். மேலே சொன்ன மணிக்கு மூன்றை அவரை வைத்துத் திருத்துங்கள். இரண்டரைதான் வருகிறது என்றால் திருப்புத்தூர் முதல் ஆயக்குடி வரை எல்லாத் தங்கலையும் மறுபடி எழுதுங்கள். ஒரு நாள் முன்னதாகக் கிளம்பினால் போயிற்று.

பூசத்தன்றே போய்ச் சேர வேண்டுமா என்பதையும் வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். பூச நாளில் பழநியில் தேரும் பெருங்கூட்டமும். மலைமேல் தரிசன வரிசை மணிக்கணக்கில் நீளும். நடந்து தளர்ந்த காலுக்கு நடையைவிட அந்த நிற்பு கொடியது. எடப்பாடிக் காவடிக் கூட்டத்தார் பூசம் முடிந்த பிறகு வந்து, மலைமேலேயே ஓர் இரவு தங்கும் உரிமையோடு வழிபட்டுப் போகிறார்கள். அவர்களுடைய பக்தியை யாரும் குறைத்துச் சொல்வதில்லை. குழந்தைகளோடு முதல் நடை போகிறவர்கள் பூசத்துக்கு இரண்டு நாள் முன்னதாகச் சேரும்படி வைத்துக்கொண்டால் நிம்மதியாகக் கும்பிடலாம்.

மலைக்கு 693 படி. ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். ஒரு வாரம் நடந்த முழங்காலுக்கு இறங்குவதுதான் வேதனை. ஏறப் படியும் இறங்க யானைப் பாதையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாதவர்களுக்கு விஞ்ச் இருக்கிறது. அன்றிரவே ஊர் திரும்ப டிக்கெட் எடுக்காதீர்கள். பூசக் கூட்டத்தில் பஸ்ஸுக்கு நின்று, வீங்கிய பாதத்தைத் தொங்கவிட்டு ஐந்து மணி நேரம் உட்கார்ந்து வருவது கொடுமை. பழநியில் ஓர் இரவு படுத்து, மறுநாள் காலை நிதானமாகக் கிளம்புங்கள். லீவு கேட்கும்போதே அந்த நாளையும் சேர்த்துக் கேளுங்கள்.