அடுப்படிக் கழிவில் அடுப்பெரியும்

2022ஆம் ஆண்டு நம் மக்கள் வெற்றுச் சிலிண்டர்களை வரிசையில் வைத்துவிட்டு, சமையல் எரிவாயுவுக்காக இரவு பகலாகக் காத்துக்கிடந்ததை நாம் எளிதில் மறக்கமாட்டோம். அதே நாட்களில் திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய வீதிகளிலிருந்து பழஞ்சோறும் மரக்கறித் தோலும் மீன் கழிவும் வண்டி வண்டியாக அகற்றப்பட்டுக் கொட்டப்பட்டன. எரிபொருளுக்கு ஏங்கி நின்ற நாமே, எரிபொருளாகக்கூடியதை வீசிக்கொண்டிருந்தோம்.

வீசியது நம் கண்ணுக்கு மறைந்தாலும் அழிந்துவிடுவதில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு தினத்தன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் மாண்டனர். குப்பையை அனுப்பியவர்கள் வேறு. அதன் அடியில் புதைந்தவர்கள் வேறு.

எரிப்பதா, நொதிக்கவிடுவதா?

குப்பையிலிருந்து சக்தி பெற இரு வழிகள் உண்டு. ஒன்று எரிப்பது. கெரவலப்பிட்டியவில் 2021இல் திறக்கப்பட்ட நிலையம் கொழும்புக் குப்பையை எரித்து 10 மெகாவாற்று மின்சாரம் தருகிறது. அதற்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான தொன் குப்பை வேண்டும். மேலும் நமது குப்பையில் பெரும்பகுதி ஈரமான உணவுக் கழிவு. ஈர விறகு எப்படி எரியும் என்பதை எந்தத் தாயும் அறிவாள். டெல்லியின் திமார்ப்பூரில் 1987இல் டென்மார்க் தொழில்நுட்பத்துடன் கட்டப்பட்ட எரிநிலையம், குப்பையில் போதிய வெப்பம் இல்லாமையால் சில வாரங்களிலேயே நின்றுபோனது.

மற்ற வழி, அந்த ஈரத்தையே பயன்படுத்துவது. கழிவைக் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் இட்டால் நுண்ணுயிர்கள் அதனை மெதேன் நிறைந்த உயிர்வாயுவாக மாற்றும். எஞ்சும் கரைசல் தோட்டத்துக்கு நல்ல உரம். கேரளத்தின் பயோடெக் நிறுவனம் வீடுகளிலும் சந்தைகளிலும் இத்தகைய தொட்டிகளை அமைத்து 2007இல் ஆஷ்டன் விருது பெற்றது.

எங்கள் தொட்டி புளித்த கதை

நாங்களும் ஒரு மாணவர் விடுதியில் இதைச் செய்து பார்த்தோம். மாட்டுச் சாணத்தில் தொடங்கி, மெல்ல மெல்ல உணவுக் கழிவுக்கு மாறினோம். நீலச் சுவாலை எரிந்த அன்று பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்னர் திருவிழா வந்தது. மீந்த சோறு முழுவதையும் ஒரே நாளில் தொட்டிக்குள் தள்ளினோம். மறுவாரம் அடுப்பு அணைந்தது. அளவுக்கு மிஞ்சிய சோறு புளித்து அமிலமாக, வாயு தரும் நுண்ணுயிர்கள் செயலிழந்தன. தீனியை நிறுத்தி, மீண்டும் சாணம் கரைத்து ஊற்றி, பொறுமையோடு காத்திருந்த பிறகே சுவாலை திரும்பியது. தவறு தொட்டியினுடையதல்ல, எங்களுடையது. தொட்டியும் ஒரு வயிறுதான் என்பதை அன்று கற்றோம்.

கணக்கைப் பார்ப்போம்

ஒரு கிலோ உணவுக் கழிவிலிருந்து ஏறத்தாழ 100 லீற்றர் உயிர்வாயு கிடைக்கும். ஒரு குடும்பத்தின் நாளாந்தக் கழிவு தேநீருக்குத் தண்ணீர் கொதிக்கவைக்கவே போதும். ஆனால் நாளொன்றுக்கு 20 கிலோ சேரும் விடுதி, கன்னியர் மடம் அல்லது உணவகம், ஏறக்குறைய இரண்டு வாரத்தில் 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றுக்கு ஈடான வாயுவைப் பெறலாம். ஆகவே வீட்டுக்கு வீடு தொட்டி கட்டுவதைவிட, ஒரு வீதியின் வீடுகள் சேர்ந்து அருகிலுள்ள விடுதிக்குக் கழிவைக் கொடுப்பதே நமக்கேற்ற வழி.

அதற்கு இயந்திரம் வேண்டாம். இரண்டு வாளிகள் வேண்டும். ஒன்றில் உணவுக் கழிவு, மற்றதில் பொலித்தீனும் ஏனையவையும். கலந்துவிட்ட குப்பையை எந்தத் தொட்டியும் ஏற்காது. பிரிக்கும் வேலை நகரசபையில் அல்ல, நம் அடுப்படியில் தொடங்குகிறது.

ஐயாயிரம் பேர் வயிறார உண்டபின், மீந்த துண்டுகளையும் வீணாக்காமல் சேர்க்கும்படி ஆண்டவர் சீடர்களைப் பணித்தார். அப்பத்தைப் பலுகச் செய்தவருக்கே மீதியில் அக்கறை இருந்தது. வரிசையில் நின்று வாடிய நமக்கு இல்லாமற் போகலாமா? அடுத்த பங்குக் கூட்டத்தில் இரண்டு வாளிகளைப் பற்றிப் பேசுவோம்.