காதால் படிக்கும் சமன்பாடு

ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் 2003-இல் தொடங்கிய ‘என்.பி.டெல்.’ திட்டத்தால், அடையாற்றை அடுத்த சென்னை ஐ.ஐ.டி.யின் பாடங்களை மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கற்கலாம். பார்வையற்ற மாணவருக்குத் ‘திரைவாசிப்பான்’ என்னும் மென்பொருள் உரையைப் பேச்சாக்கித் தரும். ஆனால் சமன்பாட்டை அது எப்படிப் படிக்கும்?

திரைவாசிப்பான் எழுத்தின் உருவத்தைப் பார்ப்பதில்லை. அதற்குரிய எண்ணையே படிக்கிறது. யூனிகோடு முறையில் ‘அ’வின் எண் 2949. சமன்பாட்டைப் படமாக ஒட்டிவிட்டால் படிக்க எண் ஏது? ‘படம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடும். பழைய தமிழ் எழுத்துருக்கள் பலவற்றில் உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளின் எண்கள். அவை வெறும் உளறலாகவே கேட்கும்.

எழுத்தாக இருந்தாலும் தொல்லை தீராது. “ஒன்று வகுத்தல் அ கூட்டல் ஆ” என்று கேட்கிறீர்கள். அ = 2, ஆ = 3 என்போம். பின்னத்தின் கீழே இரண்டும் இருந்தால் விடை 0.2, ‘அ’ மட்டும் இருந்தால் 3.5! பாடம் தெரிந்தும் தேர்வில் மதிப்பெண் போய்விடும் அல்லவா?

இதற்குக் கைகொடுக்கும் ‘மேத்எம்எல்’ என்ற குறிமுறை 1998-இல் தரப்படுத்தப்பட்டது. பின்னத்தின் மேலே எது, கீழே எது என்று அது பிரித்துக் குறிக்கும்; தகுந்த துணை மென்பொருள் இருந்தால் “பின்னம் தொடக்கம், பின்னம் முடிவு” என்று காதில் விழும்.

ஒளிப்படப் பாடங்களில் ஆசிரியர் பலர், “இதை இதால் பெருக்கினால் இது” என்று பலகையைத் தட்டுகிறார்கள். “மின்னோட்டத்தை மின்தடையால் பெருக்கினால் மின்னழுத்தம்” என்று சொல்ல இரண்டு விநாடிதான் கூடுதலாகும்.