இடைவழியில் ஒரு சோதனை

சென்னை எழும்பூரில் ஏற்றிய பழக்கூடையொன்று விழுப்புரத்தில் இறங்கும்போது நசுங்கியிருக்கிறது. எங்கே நசுங்கிற்று? விழுப்புரத்து மேடையில் நின்று எத்தனை நேரம் கூடையை உற்று நோக்கினாலும் விடை கிடைக்காது. இடையே திண்டிவனத்தில் ஒருவர் மூடியைத் திறந்து பார்த்திருந்தால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்திருக்கும்.

மாணவ நண்பர்களே, இவ்விரண்டு ஊர்களிலும் அண்ணா பல்கலைக்கழகத்தின் உறுப்புப் பொறியியற் கல்லூரிகள் உள்ளன. அங்கே கணிப்பொறியியல் பயில்வோர் கற்கும் கம்பைலர் என்னும் மொழிமாற்றிக்கும் இதே சங்கடம் உண்டு. நாம் எழுதும் நிரலை அது ஒரே மூச்சில் யந்திர மொழியாக்குவதில்லை. முதலில் ஓர் இடைநிலை வடிவமாக்கி, அதைப் பல கட்டங்களில் செப்பனிட்ட பிறகே யந்திரத்திடம் ஒப்புவிக்கிறது. கட்டமொன்றில் பிழை நேர்ந்தால், சரியாக எழுதிய நிரலும் தவறான விடை தரும். எழுதியவரோ தம் எழுத்திலேயே குற்றம் தேடித் தவிப்பார்.

1987இல் வெளிவந்த ஜி.ஸி.ஸி. என்னும் கம்பைலரைப் பாருங்கள். கேளாமல் அது இடைநிலை வடிவத்தைக் காட்டாது. எல்லாவற்றையும் காட்டு என்றாலோ, சிறு நிரலுக்கே கோப்புகளைக் குவித்துவிடும். எனவே, எந்தக் கட்டத்தின் முடிவில் எழுதவேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்பதே முறை.

'அ' என்பது 60. 'ஆ' என்பது அதன் 60 மடங்கு. 'ஆ'வை விடையாகத் தருக. இதுவே நிரல் என்க. தொடக்க வடிவத்தில் பெருக்கல் அப்படியே நிற்கும். (60ஐ 60ஆல் பெருக்குக என்று நேராக எழுதினால் அப்போதே 3600 ஆகிவிடும், சோதனைக்கு உதவாது.) மேம்பாட்டை அனுமதித்தால், 'ஸிஸிபி1' என்ற கட்டம் முடிந்ததும் பெருக்கல் மறைந்து 3600 மட்டும் இருக்கவேண்டும். இக்கட்டம் பழுதுபட்டது என்று வைத்துக்கொள்வோம். பின்வரும் வேறொரு கட்டம் அதே வேலையைச் செய்து முடித்துவிடக்கூடும். இறுதி வடிவத்தை மட்டும் பார்ப்பவர் 3600ஐக் கண்டு திருப்தியோடு எழுந்து போவார். பழுது உள்ளேயே தங்கும். ஆதலால் 'ஸிஸிபி1' முடிந்த கணத்திலேயே எழுதச்செய்து, பெருக்கற்குறி இல்லையென்று சரிபார்க்கவேண்டும். ஜி.ஸி.ஸி.யின் இத்தகைய சோதனைக் கோப்புகளில் எந்த வடிவத்தை எழுதவேண்டும், அதில் எது இருக்கவேண்டும், எது இருக்கலாகாது என்பவை குறிப்புரையாகவே எழுதப்பட்டிருக்கும்.

2000இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிறிஸ் லாட்னரும் விக்ரம் அட்வேயும் தொடங்கிய எல்.எல்.வி.எம். இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதன் இடைநிலை வடிவத்தை எழுத்தாக வெளியிடலாம். அவ்வெழுத்தையே திரும்ப உள்ளே கொடுத்து, ஒரே ஒரு கட்டத்தை மட்டும் இயக்கியும் பார்க்கலாம். எழும்பூருக்கே போகாமல் கூடையைத் திண்டிவனத்தில் ஏற்றி, அடுத்த நிலையமான மயிலத்திலேயே இறக்கிப் பார்ப்பது போன்றது அது.