விதைநெல்லின் எழுத்தைப் படிக்கும் முறை

நாஞ்சில் நாட்டில் கன்னிப்பூவாயினும் கும்பப்பூவாயினும் நல்ல விதையே பயிரின் முதல். திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையம் அளித்த டி.பி.எஸ்.3 விதையில் வேறு வயதுடைய ரகம் கலந்துவிட்டால் கதிர் ஒருசேர முற்றாது. நஷ்டம் அங்கத்தினரைச் சேரும். கலவனைக் களையெடுப்பதுபோல் வயலில் நீக்குவது பழைய வழி. ரகங்களைப் பிரித்தறிய ஆராய்ச்சியாளர் இன்று மரபணுச் சில்லையும் கையாளுகின்றனர்.

புதுடில்லியிலுள்ள தேசியத் தாவர உயிர்த்தொழில்நுட்ப ஆராய்ச்சி மையத்தார் நெல்லுக்கென அமைத்த சில்லு ஒன்றைப் பற்றி 2015-இல் வெளியிட்டனர். 18,980 மரபணுக்களில் 50,051 இடங்களை அது ஒருங்கே ஆராயும். டி.என்.ஏ. என்பது ஏ, டி, ஜி, சி என்னும் நான்கு எழுத்துக்களாலானது. ரகத்துக்கு ரகம் ஓரெழுத்து மாறும் இடத்தை 'ஸ்னிப்' என்பர்.

ஒவ்வோர் இடத்துக்கும் கணிப்பொறி ஏஏ, ஏபி, பிபி என்று விடை தரும். இவ்விடையிலுள்ள ஏ, பி ஆகியவை டி.என்.ஏ.யின் எழுத்துக்கள் அல்ல. இரு வடிவங்களுக்கு இட்ட பெயர்களே. ஒன்று உயர்வு, மற்றது தாழ்வு என்பதுமில்லை.

டி.என்.ஏ. இரட்டை இழையுடையது. சில துணிகளில் முன்புறம் வெள்ளைத் தரையில் சிவப்புப் பூவாகத் தெரிவது பின்புறம் சிவப்புத் தரையில் வெள்ளைப் பூவாகத் தெரிவதை நெசவாளர் அறிவர். அதுபோல, ஓர் இழையில் ஜி என்றிருப்பது எதிரிழையில் சி என்றிருக்கும். ஏ என்பது டி ஆகும். எந்த இழையைப் படித்தனர் என்று கேளாமல் இரு ஆய்வகங்களின் அறிக்கைகளை ஒப்பிட்டால், ஒரே விதை இரண்டாகத் தோன்றும்.

நெல் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிர். ஆகவே தூய ரகத்தில் ஏபி அரிது. ஒரே செடியில் பல இடங்களில் அது வந்தால் ஒட்டுக் கலப்பு என ஐயுறலாம். பல செடிகளின் இலைகளைச் சேர்த்துச் சோதித்திருந்தால், அது விதைக் கலவையாகவும் இருக்கலாம். ஆனால் எல்லா மாதிரிகளிலும் ஒரே இடத்தில் மட்டும் ஏபி வருமாயின், ஐயுற வேண்டியது விதையை அன்று, கணிப்பொறியின் கணிப்பை.

சில மென்பொருள்கள் 0, 1, 2 என விடை எழுதி, விடை கிடைக்காத இடத்தில் -1 என்று குறிக்கும். அதையும் தொகையிற் சேர்ப்பது, வவுச்சர் இல்லாத செலவைப் பேரேட்டில் ஏற்றுவதை ஒக்கும்.

இத்தகைய அறிக்கை சங்கத்தின் கைக்கு வரும்போது எந்த இழை, ஒரு செடியா பலவா, விடையில்லா இடங்கள் எத்தனை என்னும் மூன்றையும் முதலில் கேட்டறிக. அதன்பின் ஓர் அங்கத்தினரின் விதையை ஏற்பதையோ தள்ளுவதையோ முடிவு செய்வதே முறை.