கம்ப்யூட்டரில் மட்டும் இலை உதிர்த்த காடு!

கரையில் ஆயிரக்கணக்கான வைல்டுபீஸ்ட் விலங்குகள் முண்டியடித்து நிற்கும். ஒன்று தண்ணீரில் குதிக்கும். அடுத்த நொடி அத்தனையும் பாயும். கீழே முதலைகள் காத்திருக்கும்... டி.வி-யில் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. அந்த ஆறுதான் மாரா.

கென்யாவின் மாவ் மலைக்காட்டில் பிறந்து, தேயிலைத் தோட்டங்களையும் மசாய் மாரா புல்வெளியையும் கடந்து, தான்சானியாவில் விக்டோரியா ஏரியில் கலக்கிறது. நீளம் சுமார் 395 கிலோமீட்டர். செரங்கெட்டி - மாரா வட்டாரத்தில் ஆண்டு முழுக்க ஓடும் ஆறு இது ஒன்றுதான். வறண்ட மாதங்களில் பத்து லட்சத்துக்கும் அதிகமான விலங்குகள் இதை நம்பித்தான் வடக்கே நடந்து வருகின்றன. ஆறு பிறக்கும் மாவ் காட்டையோ பல பத்தாண்டுகளாக வெட்டி விளைநிலமாக்கி வருகிறார்கள்.

இன்னும் கொஞ்சம் காடு போனால் ஆறு என்னாகும்? வெட்டிப் பார்த்துச் சோதிக்கிற விஷயமா அது? அதனால், கம்ப்யூட்டருக்குள் ஓர் ஆற்றை ஓட விடுகிறார்கள். இதற்குப் பல நாடுகளில் பயன்படுவது 'ஸ்வாட்' என்ற இலவச மென்பொருள். அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 1990-களின் தொடக்கத்தில் டெக்சாஸில் உருவாக்கியது. மழை, வெயில், மண், சரிவு, செடிகொடி எல்லாவற்றையும் உள்ளே கொடுத்தால், ஆற்றில் எவ்வளவு தண்ணீர் வரும் என்று சொல்லும்.

முதல் தடவையே சரியாகச் சொல்லிவிடாது. மண்ணுக்குள் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்று மலை முழுக்கத் தோண்டி அளக்க முடியாதே! பழைய ரேடியோவில் குமிழைத் திருகி ஸ்டேஷன் பிடிப்போம் இல்லையா... அப்படி இந்த எண்களை ஏற்றி இறக்கி, ஆற்றில் அளந்த நீரோட்டத்தோடு கம்ப்யூட்டர் கணக்கு ஒட்டும்வரை திருத்துவார்கள். இதைத்தான் 'காலிபரேஷன்' என்கிறார்கள்.

சிக்கல் இங்கேதான். டெக்சாஸில் குளிர்காலம் உண்டு. பகல் குறுகும்போது மரங்கள் இலை உதிர்த்து உறங்கும். ஸ்வாட்டும் பகலின் நீளத்தை வைத்தே மரங்களைத் தூங்கவைக்கிறது. மாராவோ நிலநடுக்கோட்டை ஒட்டிய பூமி. அங்கே வருடத்தின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் சில நிமிடங்கள்தான் வித்தியாசம். புல் துளிர்ப்பதும் காய்வதும் மழையைப் பொறுத்து. மென்பொருளுக்கு அது தெரியாது. ஜூனில் மிகக் குறுகிய பகல் வந்ததும், பசுமைமாறாக் காடு, தேயிலை என்றெல்லாம் பார்க்காமல் இலைகளைக் கொட்டவைத்துவிடும். மொட்டையாக நிற்கும் தேயிலைத் தோட்டம்! பார்த்தவர்கள் சிரிக்கத்தான் செய்வார்கள்.

ஆனால், சிரித்துவிட்டுப் போக முடியாது. இலைகள் வழியாக ஏராளமான தண்ணீர் ஆவியாகப் போகிறது. கணக்கில் இலை குறைந்தால் அந்தத் தண்ணீர் மிச்சமாகி, ஆற்றில் கூடுதலாக ஓடும். அளந்த எண்ணோடு ஒட்டவில்லையே என்று மண்ணுக்கான குமிழைத் திருகி, மிச்சத்தை ஆழத்துக்கு அனுப்பினால்... ஒட்டிவிடும்! விடை சரி, வழி தப்பு. பரீட்சையில் மார்க்கூடக் கிடைக்கலாம். 'காட்டை வெட்டினால்?' என்ற அடுத்த கேள்விக்கு அந்தக் கணக்கை எப்படி நம்புவது? காட்டின் பங்கைத்தான் மண்ணின் தலையில் கட்டியாகிவிட்டதே!

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகரப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி கண்டு 2017-ல் வெளியிட்டார்கள். பகலைப் பார்க்காதே, ஈரத்தைப் பார் என்று மென்பொருளை மாற்றினார்கள். பெய்யும் மழையையும், வெயில் இழுக்கக்கூடிய தண்ணீரையும் ஒப்பிட்டு, ஈரம் சேரும்போதுதான் புதிய இலை. ஆற்றின் நீரோட்டத்தோடு இலையையும் சரிபார்த்தார்கள். நாசாவின் செயற்கைக்கோள்களில் இருக்கும் 'மோடிஸ்' கருவியின் படங்களிலிருந்து, ஒரு சதுர மீட்டர் தரைக்கு மேல் எத்தனை சதுர மீட்டர் இலை இருக்கிறது என்ற கணக்கு எட்டு நாளுக்கு ஒருமுறை கிடைக்கிறது. காடு, தேயிலை, புல்வெளி, புதர் நான்கையும் அதோடு ஒப்பிட்டுத் திருத்தினார்கள். ஜூன் மாத மொட்டைத் தோட்டம் மறைந்தது.

செயற்கைக்கோளும் சத்தியவான் இல்லை. மாவ் மலையை மேகம் மூடினால் அதன் எண்கள் தாறுமாறாகக் குதிக்கும். பசுமைமாறாக் காட்டில் எட்டே நாளில் இலை பாதியாகக் குறைந்தால், அது மேகத்தின் வேலையாகத்தான் இருக்கும். அந்த எண்களைச் சீராக்கிய பிறகுதான் கம்ப்யூட்டர் காட்டோடு ஒப்பிட முடியும்.