உப்பும் நாற்றும்

விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கும் நாளில் எங்கள் வீட்டில் ஒரு கோழி முட்டைக்கும் வேலை உண்டு. ஒரு வாளியில் 10 லிட்டர் நீரை ஊற்றி, அதில் முட்டையை விடுவார்கள். அது அடியில் போய்க் கிடக்கும். உப்பைச் சிறிது சிறிதாகக் கரைக்கக் கரைக்க முட்டை மெல்ல எழும்பும். அதன் உச்சி ஒரு நாணயத்தின் அளவுக்கு நீருக்கு வெளியே தெரிந்தால் கரைசல் பதமாகிவிட்டது என்று பொருள். அதில் நெல்லைக் கொட்டினால் பதரும் அரைமணியும் மிதக்கும். கனத்த மணிகள் தங்கும். மிதப்பதை அரித்து எடுத்த பிறகு, என் பாட்டியார் ஒவ்வோர் ஆண்டும் தவறாமல் ஒன்று சொல்வார்: "நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசுங்கள். உப்பு தங்கினால் முளை கெடும்."

நல்ல விதையைப் பொறுக்கித் தரும் உப்பே அந்த விதையின் முளையைக் கெடுக்கவும் வல்லது. அதிலிருந்து காப்பதும் நல்ல தண்ணீரே. நான் இன்று சொல்ல வந்த செய்தியின் பெரும்பகுதி அந்த வாளிக்குள் அடங்கியிருக்கிறது.

எங்கள் ஊர் திருவண்ணாமலை. கடல் இங்கிருந்து வெகு தொலைவு. எனினும் கோடையில் எங்கள் பக்கத்துக் கிணறுகள் சிலவற்றின் நீரை வாயில் வைக்க முடியாது. கடலில்லாத ஊருக்கு உப்பு எங்கிருந்து வந்தது? பாறையிலிருந்து வந்தது. மழைநீர் பாறை வெடிப்புகளின் வழியே இறங்கும்போது அங்குள்ள உப்புகளைச் சிறிது சிறிதாகக் கரைத்துக் கொண்டு செல்கிறது. கிணற்று நீரை வயலுக்கு இறைக்கிறோம். வெயில் நீரை மட்டும் ஆவியாக்கி எடுத்துக் கொள்கிறது. உப்பை மண்ணிலேயே விட்டுவிடுகிறது. கணக்கிட்டுப் பாருங்கள். ஒரு சென்ட் நிலம் ஏறக்குறைய 40 சதுர மீட்டர். அதில் ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் கட்ட 400 லிட்டர் வேண்டும். லிட்டருக்கு ஒரு கிராம் உப்புள்ள நீரானால், ஒரு தடவைப் பாய்ச்சலில் 400 கிராம் உப்பு வயலுக்குப் போய்ச் சேர்கிறது. வடிகால் இன்றிப் பத்து முறை பாய்ச்சினால் 4 கிலோ!

ஏரி நீர் அத்தகையது அன்று. அது நேற்றுப் பெய்த மழை. பாறைக்குள் நெடுநாள் தங்காதது. எங்கள் நகரை அடுத்து ஓர் ஏரி இருக்கிறது. சமுத்திரம் ஏரி என்பது அதன் பெயர். பெயரில் கடல், நீரிலோ மழையின் இனிமை. இந்த வேறுபாட்டின் மதிப்பை நான் சற்றுக் கசப்பான முறையில்தான் அறிந்துகொண்டேன்.

நான் கல்லூரியில் முதலாண்டு படித்துக் கொண்டிருந்தபோது, என் சித்தப்பா சொர்ணவாரிப் பட்டத்துக்குக் கிணற்றடியில் நாற்றங்கால் விட்டிருந்தார். சித்திரை மாதம், கிணற்றில் நீர் அடிமட்டத்துக்குப் போயிருந்தது. விதை நன்றாகத்தான் முளைத்தது. ஆனால் இரண்டாம் இலை, மூன்றாம் இலை விடும் பருவத்தில் இலை நுனிகள் வெளுத்துச் சுருண்டன, பின்பு கருகின. வரப்போரங்களில் வெள்ளை வெள்ளையாகப் பூத்திருந்தது. நோய் என்று எண்ணி மருந்து அடித்தார், பயனில்லை. அப்போது நான் என் படிப்பைக் காட்டினேன். "உப்பு நிலத்துக்கு ஜிப்சம் போட வேண்டும், சித்தப்பா; புத்தகத்தில் படித்திருக்கிறேன்" என்றேன். அவரும் நம்பினார். மூட்டை மூட்டையாக வாங்கிப் போட்டார். நாற்று பிழைக்கவில்லை. அந்தப் பட்டம் நிலம் வெறுமனே கிடந்தது. என் கல்லூரிச் செலவுக்கென ஒதுக்கி வைத்திருந்த பணத்தில்தான் அந்த ஜிப்சத்தை வாங்கினார் என்பது எனக்குப் பின்னரே தெரிந்தது.

நான் எங்கே தவறினேன்? அதைச் சொல்லுமுன் உப்பு நாற்றை எவ்வாறு வருத்துகிறது என்று பார்ப்போம்.

மாங்காய்த் துண்டுகளில் உப்பைத் தூவி வைத்தால் சிறிது நேரத்தில் நீர் விடுகிறதன்றோ? உப்பு மிகுந்த பக்கத்துக்கு நீர் ஈர்க்கப்படுகிறது. வேரைச் சுற்றியுள்ள நீரில் உப்பு ஏறினால் வேர் நீரை உறிஞ்சுவது கடினமாகிறது. நீரிலேயே நிற்கும் நாற்று தாகத்தால் வாடுகிறது. இது முதல் துன்பம். இரண்டாவது துன்பம் சில நாள் கழித்து வருகிறது. உப்பிலுள்ள சோடியம், பயிருக்கு இன்றியமையாத பொட்டாசியத்தைப் போலவே தோற்றம் காட்டி வேருக்குள் நுழைந்துவிடுகிறது. பொட்டாசியத்தின் இடத்தில் சோடியம் உட்கார்ந்தால் உயிரணுவின் வேலை குலைகிறது. பயிர் தன்னைக் காத்துக் கொள்ள அந்தச் சோடியத்தை முதிய இலைகளில் ஒதுக்கி, இளங்குருத்தைக் காக்க முயல்கிறது. ஆனால் மூன்று இலைகளே உடைய நாற்றுக்கு ஒதுக்குவதற்கு இடம் ஏது?

ஆகவே நெல்லின் வாழ்வில் எல்லாப் பருவமும் உப்புக்கு ஒரே அளவில் அஞ்சுவதில்லை. முளைக்கும்போது ஓரளவு தாங்குகிறது. இளநாற்றுப் பருவத்தில் மிகவும் மெலிந்து போகிறது. தூர் கட்டும் காலத்தில் வலிமை பெறுகிறது. பூக்கும் காலத்தில் மீண்டும் மெலிகிறது. பொதுவாக மண் கரைசலின் மின் கடத்துதிறன் மீட்டருக்கு 3 டெசிசைமனைத் தாண்டினாலே நெல்லின் விளைச்சல் குறையத் தொடங்கும். லிட்டருக்கு ஏறக்குறைய 2 கிராம் உப்பு என்று இதைக் கொள்ளலாம். கடல் நீரிலோ லிட்டருக்கு 35 கிராம் இருக்கிறது.

இனி என் தவறுக்கு வருகிறேன். உப்பு நிலம் என்று நாம் பொதுவாகச் சொல்வதைத் தமிழ் உழவர்கள் இரண்டு பெயர்களால் பிரித்திருக்கிறார்கள்: ஒன்று உவர், மற்றொன்று களர். உவர் நிலத்தில் கரையும் உப்புகள் மிகுந்திருக்கும். மின் கடத்துதிறன் 4-க்கு மேற்படும். கார அமில நிலை 8.5-க்குக் கீழ் இருக்கும். மேலே வெண்மை பூக்கும். களர் நிலத்தில் கரையும் உப்பு குறைவு. ஆனால் மண் துகள்களோடு சோடியம் ஒட்டிக் கொண்டிருக்கும். கார அமில நிலை 8.5-ஐத் தாண்டும். மழை பெய்தால் நீர் உள்ளே இறங்காமல் கலங்கலாகத் தேங்கும். காய்ந்தால் மண் கல்லாய் இறுகும்.

நோய் வேறு, ஆகவே மருந்தும் வேறு. களர் நிலத்துக்குத்தான் ஜிப்சம் வேண்டும். ஜிப்சத்திலுள்ள கால்சியம், மண்ணோடு ஒட்டிய சோடியத்தை வெளியேற்றிவிட்டு அந்த இடத்தைப் பிடித்துக் கொள்கிறது. விலகிய சோடியத்தை நீரைக் கட்டி வடித்துவிடலாம். அதன்பின் தக்கைப்பூண்டு போன்ற பசுந்தாள் உரத்தை மடக்கி உழுதால் மண் பொலபொலப்பாகிறது. உவர் நிலத்துக்கு ஜிப்சம் தேவையில்லை. அதுவும் ஓர் உப்புத்தானே! உவர் நிலம் கேட்பவை இரண்டு: நல்ல நீர், அந்த நீர் வடிந்து போக ஒரு வழி. பிற்பாடு மண் பரிசோதனை செய்து பார்த்தபோது எங்கள் நாற்றங்கால் உவர் நிலம் என்று தெரிந்தது. தாகத்தால் தவித்த நாற்றுக்கு நான் மேலும் உப்பைப் பரிந்துரைத்திருந்தேன்.

அடுத்த பருவத்தில் சித்தப்பா வேறு வழியில் சென்றார். தென்மேற்குப் பருவமழையில் வயலில் நீரைத் தேக்கித் தேக்கி வடித்தார். அதற்கென்றே வடிகால் வெட்டினார். நாற்றங்காலைக் கிணற்றடியிலிருந்து ஏரிக் கால்வாயின் ஓரத்துக்கு மாற்றினார். இளநாற்றைப் பிடுங்காமல் ஒரு மாதம் வளரவிட்டு, குத்துக்கு மூன்று நான்காக நட்டார். சில நாற்றுகள் மடிந்தாலும் குத்து வெறுமையாகாது என்பதே இதன் கருத்து. முன்போல் விளையவில்லை, ஆனால் விளைந்தது.

இந்த முறை புதிதன்று. கேரளத்தில் எர்ணாகுளம் முதலிய மாவட்டங்களின் கடலோரச் சதுப்பு வயல்களில் பொக்காளி என்னும் நெல்லைப் பயிரிடுகிறார்கள். அங்குள்ள உழவர்கள் கோடையில் வயலுக்குள் மண்மேடுகளை எழுப்புவார்கள். பருவமழை மேடுகளிலுள்ள உப்பைக் கழுவிவிடும். அதன் பிறகே முளைகட்டிய விதையை மேட்டின்மேல் விதைப்பார்கள். நாற்று முழங்கால் அளவுக்கு வளர்ந்ததும் மேட்டைக் கலைத்து, மண்ணோடு நாற்றை வயலெங்கும் பரப்புவார்கள். உப்பைத் தாங்குவதில் பெயர் பெற்ற நெல்லுக்குக்கூட இளம்பருவத்தில் உப்பில்லாத தொட்டில் ஒன்று தேவைப்படுகிறது!

நம் நாட்டிலும் உப்பைத் தாங்கும் நெல்வகைகளுக்குக் குறைவில்லை. குழியடிச்சான், களர்ப்பாலை முதலியவை பழைய இரகங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1982-ல் கோ 43 இரகத்தையும், திருச்சிராப்பள்ளியிலுள்ள அதன் கல்லூரியின் வாயிலாக 1995-ல் டி.ஆர்.ஒய். 1 இரகத்தையும் வெளியிட்டது. 2004 டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை நாகப்பட்டினக் கடலோர வயல்களை உப்பில் மூழ்கடித்தபோது இத்தகைய நெல்வகைகளின் அருமை பலருக்கும் விளங்கிற்று. 2005-ல் வங்காளத்து நோனா போக்ரா நெல்லை ஆராய்ந்தவர்கள், இலைக்குச் செல்லும் சோடியத்தை இடைவழியிலேயே திருப்பி எடுக்கும் ஒரு மரபணுவைக் கண்டறிந்தனர். வீட்டு வாயிலில் நிற்கும் காவலாளி போன்றது அது. பொக்காளியின் முதல் குரோமோசோமில் உள்ள 'சால்டால்' என்னும் பகுதியை மற்ற நெல்வகைகளில் சேர்க்கும் பணியும் பல இடங்களில் நடைபெற்றிருக்கிறது. எனினும் காவலாளி எவ்வளவு திறமையுள்ளவனாயினும், வெள்ளம்போல் வருவோரை அவன் ஒருவனே தடுக்க இயலாது. நல்ல விதையோடு நல்ல நீரும் வடிகாலும் சேர வேண்டும்.

மாணவர்களே, திருவள்ளுவர் கல்லாதவரைப் பயன்தராத களர் நிலத்துக்கு ஒப்பிட்டார். அரைகுறையாகக் கற்றுவிட்டு அறிவுரை சொன்ன என்னை எதற்கு ஒப்பிடுவாரோ அறியேன்! ஆனால் களரும் உவரும் திருந்தக்கூடிய நிலங்கள் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டு வயலில் நாற்று வெளுத்தால், மருந்துக் கடைக்கு ஓடுமுன் ஒரு பிடி மண்ணையும் ஒரு புட்டி கிணற்று நீரையும் எடுத்துக்கொண்டு மண் பரிசோதனை நிலையத்துக்குச் செல்லுங்கள். உவரா, களரா என்று முதலில் கேளுங்கள். அந்த ஒரு கேள்வியை நான் அன்று கேட்டிருந்தால், என் சித்தப்பாவின் நிலம் அந்தப் பட்டத்தில் தரிசாகக் கிடந்திராது.